கன்றின் இரத்தம் இல்லாமல்

விடுமுறையில் எங்கள் ஊரான வேலணைக்குப் போயிருந்தபோது ஒரு காலையில் அண்ணையின் கறுத்த மாட்டைக் காணவில்லை. அது சினை மாடு. கன்று போடும் காலம் நெருங்கிவிட்டதென்று அண்ணையின் மனைவி, என் மச்சாள், அதற்குத் தனியாகப் புண்ணாக்கு வைத்து வந்தாள். கட்டையில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது.

அண்ணையும் நானும் தேடிக்கொண்டு வயலைக் கடந்து பனங்காணிக்குள் போனோம். காகங்கள் கூடியிருந்த இடத்தில் அண்ணை சட்டென்று நின்றார்.

"நீ வராதை. அங்காலை போ."

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். மாட்டைக் களவெடுத்தவர்கள் அங்கேயே வெட்டி இறைச்சியைக் கொண்டுபோயிருந்தார்கள். தலையும் குடலும் கிடந்தன. பக்கத்தில் முழுதாக உருவான ஒரு கன்று. ரோமம் ஈரமாக உடம்போடு ஒட்டியிருந்தது. குளம்புகள் இன்னும் இறுகாமல் வெளிறிப்போயிருந்தன.

"சினையெண்டு தெரிஞ்சுமெல்லோ வெட்டியிருக்கிறாங்கள்," என்றபடி அண்ணை காகங்களை விரட்டினார்.

வெளிநாட்டில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், உடம்பின் எந்தக் கலமாகவும், அதாவது எந்த செல்லாகவும், மாறக்கூடிய குருத்துக்கலங்களிலிருந்து, கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புக் கலங்களை வளர்க்கிறோம். அவற்றின் ஊட்டத்தில், இரத்தம் உறைந்தபின் பிரியும் நீரான சீரத்தைச் சேர்ப்போம். வெட்டப்பட்ட சினை மாட்டின் வயிற்றிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். இது நான் படித்து அறிந்ததுதான். ஆனால் போத்தலில் தேன் நிறத்தில் தெளிந்திருந்த அந்தத் திரவத்துக்கு ஒரு முகம் இருந்திருக்கும் என்பது அந்தப் பனங்காணியில்தான் எனக்கு உறைத்தது.

கன்றை அங்கேயே புதைத்தோம். அண்ணை பொலிசுக்குப் போய்வந்தார். ஒருவரும் பிடிபடவில்லை. பின்னேரம் குசினியில் அடுப்பருகே இருந்தபோது மனதில் வைத்திருக்க முடியாமல் என் வேலையையும் சீரத்தையும் பற்றி இருவருக்கும் சொன்னேன். மச்சாள் கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தாள்.

"வயித்துக்குள்ளை கிடக்கிற கண்டின்ரை இரத்தமோ?"

"ஓம்."

அண்ணை கதிரையை என் பக்கம் இழுத்து இருந்தார். பிறகு, "நீ வளர்க்கிறது ஆருக்கு?" என்று கேட்டார்.

"அதுகள் புற்றையும் விழுங்கக்கூடும். புற்றுநோய்க்காரருக்குக் குடுக்கலாமெண்டு பாக்கினம்."

எங்கள் அப்பா புற்றுநோயில்தான் போனவர். அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப விடு எண்டு சொல்லவும் ஏலாது. அந்த இரத்தம் இல்லாமல் வளர்க்க ஏலாதோ?"

திரும்பிப் போனதும் என் மேலாளரிடம் அதையே கேட்டேன். மனிதருக்குக் கொடுக்கப்போகும் கலங்களில் விலங்குப் பொருள் கலக்காமலிருப்பது நல்லதென்று அவருக்கும் எண்ணம் இருந்தது. முயன்று பார்க்கச் சொன்னார். சீரத்தை நிறுத்தியதும் என் கலங்கள் சுருங்கிச் செத்து, தட்டில் அரிசிமாத் தூள்போல மிதந்தன. திரும்பத் திரும்ப அப்படித்தான். பிறகு சீரம் இல்லாத ஓர் ஊட்டத்தை வாங்கிப் போட்டேன். இம்முறை கலங்கள் சாகாமல், உருண்டையாகப் பளிச்சென்று பிரிந்து மிதந்தன. சந்தோஷம் தாங்காமல் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அடுத்த கிழமை, கூட வேலை செய்யும் ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள்: "அதில் சீரம்தான் இல்லை. மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்த புரதம் இருக்கிறது."

சீரம் இல்லையென்றால் விலங்கே இல்லையென்று நம்பியிருந்தேன். அன்றிரவே அண்ணைக்குப் போன் எடுத்து அதையும் சொன்னேன்.

"அதுக்குள்ளையும் மாடோ!" என்றார். பிறகு, "சரி, திரும்பச் செய்," என்றார்.

செய்தேன். தட்டில் கலங்கள் ஒட்டி வளரும் பூச்சிலிருந்து ஊட்டம்வரை விலங்கிலிருந்து வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினேன். விலங்குப் புரதத்துக்குப் பதிலாக, மனித உடம்பில் இருக்கும் அதே புரதத்தை நுண்ணுயிர்களைக்கொண்டு செய்ததாக வாங்கிச் சேர்த்தேன். கலங்கள் முன்னையைவிடக் குறைவாகத்தான் வந்தன. ஆனால் செத்த கிருமிகளைப் போட்டதும் கையை நீட்டுவதுபோல நீண்டு அவற்றை விழுங்கின. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன். மச்சாள்தான் முதலில் போன் எடுத்தாள்.

"உந்தக் கலங்களை நோயாளியளுக்குக் குடுத்தாச்சோ?"

"இல்லை மச்சாள். அதுக்கு இன்னும் கனகாலம் எடுக்கும்."

"காலம் எடுக்கட்டும்," என்றாள். "நீர் சாப்பிட்டீரோ?"