ஏழாவது எண்ணிக்கை

அந்தச் சின்ன பாலே குழுவில் அவளுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். தனியாக ஆடியதே இல்லை. கதாநாயகிக்குப் பின்னால் கொக்கு வேஷத்தில் நிற்கும் பதினாறு பேரில் அவள் ஒருத்தி. ஆனால் தாளக் கணக்குத் தப்பாதவள் என்று பேர் எடுத்திருந்தாள். புதிதாக வரும் பெண்களிடம் மாஸ்டர், "அக்காவைப் பார்த்து ஆடுங்க, போதும்" என்பார்.

புது நாட்டிய நாடகத்தின் முதல் நாள். எட்டு எண்ணும்வரை கால்விரல் நுனியில் நின்று, அப்புறம்தான் இடப்பக்கம் ஓட வேண்டும். அவள் ஏழிலேயே கிளம்பிவிட்டாள். ஏனென்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. முன்னால் நின்ற சிட்டுவின் முதுகில் முழங்கை இடித்தது. சிட்டு பத்தொன்பது வயசுப் பெண், மேடைக்கே புதுசு. தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

திரை விழுந்ததும் மாஸ்டர் சிட்டுவை வாங்கு வாங்கென்று வாங்கினார். "நிக்கவே தெரியாதவளுக்கு மேடை எதுக்கு? நாளைக்கு நீ வெளியில உக்காரு."

"யாரோ இடிச்சாங்க சார்."

"யாரு?"

சிட்டுவுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் குனிந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரே முடிச்சு; அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகியிருக்காது.

வீட்டில் புருஷன், "நல்லவேளை, விழுந்தது நீ இல்ல" என்றான். அவள் "ம்" கொட்டினாள். 

மறுநாள் சிட்டுவின் இடத்தில் வேறொருத்தி ஆடினாள். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால், வாசலில் சிட்டுவோடு அவள் அப்பா. லாரி ஓட்டுகிறவர். மகள் ஆடுவதைப் பார்க்க ஒன்பது மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தார்.

"எல்லாரும் ஒரே மாதிரி டிரெஸ்ல இருந்தீங்களாம்மா, என் பொண்ணை என்னால கண்டுபிடிக்க முடியல. எங்க நின்னா?"

அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து சிட்டு, ஆடவில்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"எனக்கு முன்னாலதான் நின்னா."

"நல்லா ஆடினாளா?"

"ரொம்ப நல்லா."

அவர் கைகூப்பினார். "அக்காதான் எல்லாம் பார்த்துக்கறாங்கன்னு போன்ல எப்பவும் சொல்லுவா."

அவள் அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் காலைப் பயிற்சியில், எல்லாரும் சுவரோரப் பயிற்சிக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தபோது சொன்னாள். "அன்னைக்கு சிட்டு தானா விழல. நான்தான் ஏழுல கிளம்பி இடிச்சேன். தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

மாஸ்டர் சிட்டுவைக் கைகாட்டினார். "அப்போ இன்னைக்கு அவ ஆடட்டும். நீ உக்காரு."

சிட்டு பிறகு தண்ணீர்க் குழாயருகே வந்து, "நேத்து காலையில சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "அப்பா இன்னைக்கு விடியக்காலையிலேயே ஊருக்குக் கிளம்பிட்டார்."



அன்று அவள் மேடையோரம் நின்று பார்த்தாள். சிட்டு எட்டு எண்ணும்வரை அசையாமல் நின்றாள். அடுத்த வாரம் மாஸ்டர் இவளையும் மறுபடி வரிசையில் சேர்த்துக்கொண்டார். சிட்டு பேசுகிறாள், சிரிக்கிறாள். டிரெஸ்ஸின் முதுகுப்பக்க ஹூக்கை மாட்டிவிட மட்டும், முன்போல் இவளை அல்லாமல், வேறு யாரையாவது கூப்பிடுகிறாள்.