பின்கழுத்துத் திருகாணி

எங்க நாத்தனாவுக்கு என் முகம் அவ்வளவாப் பழக்கமில்லை. பின்கழுத்துதான் பழக்கம். அடுப்பு முன்னால உக்காந்து நான் ஊதிக்கிட்டு இருக்கையில பின்னால வந்து நிப்பாக. ரெண்டு விரலை வச்சு ஒரு நெம்பு, கொக்கி கழண்டுரும். "சாயங்காலம் தாரேன்"னு சொல்லி முடிக்கும்போதே என் பவழமாலை வாசலைத் தாண்டியிருக்கும். அது எந்த மாசத்துச் சாயங்காலம்னு அவுகளும் சொன்னதில்லை, கேக்குற தைரியம் எனக்கும் வந்ததில்லை.

அவுக என் வீட்டுக்காரருக்கு அக்கா. அருப்புக்கோட்டையில எங்க தெருவுலயே, கூப்பிடு தூரத்துல வாக்கப்பட்டிருந்தாக. புருசன் வீட்டுக்கும் பொறந்த வீட்டுக்கும் நடந்து நடந்தே தெருவைத் தேச்சவுக. நாங்க நெசவுக்காரக, வீட்டுக்குள்ள தெலுங்கு. இதுல வர்ற சண்டையெல்லாம் தெலுங்குல நடந்தது. தமிழ்ல எழுதுறப்போ காரம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

அந்த மாலை திருச்சுழியில இருக்குற என் அம்மா வீட்டுல இருந்து நான் கொண்டாந்த ஒரே உருப்படி. பவழம் அம்மாவோடது. கோத்தது நான். மூணு சரம், நடுநடுவே மொளகு அளவுல தங்கக் குண்டு. ஆனா என் கழுத்துல அது இருந்த நாளைவிட நாத்தனா கழுத்துல இருந்த நாள்தான் அதிகம். அத்தைகிட்ட, அதான் மாமியார்கிட்டச் சொன்னா, "அவ போட்டா தேஞ்சா போயிரும்?"னு முடிச்சுருவாக. வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, தறியில ஊடு நூலை இழுத்துட்டு ஓடுற நாடா இன்னும் கொஞ்சம் வேகமா ஓடும். பதில் அம்புட்டுதான்.

இப்படி இருக்கையில என் தம்பிக்குத் தை மாசம் கல்யாணம்னு ஊர்ல இருந்து சேதி வந்துச்சு. எங்க அம்மா என்னைப் பார்த்ததும் முதல்ல கழுத்தைத்தான் பார்ப்பா. வெறுங்கழுத்தோட போயி நின்னா நான் வாயே தொறக்க வேண்டாம், இங்க என் பாடு என்னன்னு அவளுக்கு விளங்கிரும். அப்புறம் அந்தக் கல்யாணத்துல அவ எப்படிச் சிரிப்பா? என்ன ஆனாலும் சரி, அன்னைக்கு மாலை என் கழுத்துல இருக்கணும்னு முடிவு பண்ணேன்.

வம்புக்கெல்லாம் வேர் அந்தக் கொக்கிதான். அதை மாத்தணும்னா ஆசாரியை வரச் சொல்லணும், வரச் சொல்ல மாமா உத்தரவு வேணும். என் கழுத்துக்காகன்னு கேட்டா அவுக காதுலயே ஏறாது. அதனால, மாலை எங்கிட்டத் திரும்பியிருந்த ஒரு நாளாப் பார்த்து, "தறிக்குப் பாவு நூல் இழுக்கையில கொக்கி மாட்டி மாட்டி இழை அறுபடுது"ன்னு சொன்னேன். உலகச் சண்டை நடந்த காலம், சர்க்கார் நூலுக்குக் கண்ட்ரோல் போட்டிருந்தாக. நூல் இழைன்னா எங்க வீட்டுல உசுரு. மருமகளுக்குன்னா திரும்பாத தலை, பாவுக்குன்னதும் சடக்குன்னு திரும்பிருச்சு. மறுநாளே ஆசாரியைக் கூட்டியாரச் சொல்லிட்டாக.

ஆசாரி வந்து முற்றத்துல தகரப் பெட்டியைத் தொறந்தாரு. உள்ளே வளைவுக் கொக்கி, வளையத்துல மாட்டுற கொக்கி, முள்ளு வச்ச கொக்கி, திருகாணி, அது போய் உக்கார்ற சுரை. எல்லாம் நெல்லு மணி அளவுதான். அந்த நெல்லு மணியைத் தேர்ந்தெடுக்க எங்க குடும்பமே பஞ்சாயத்து மாதிரிச் சுத்தி உக்காந்துச்சு. மாமா பித்தளை போதும்னாக. அத்தை வெள்ளின்னாக. என் வீட்டுக்காரர் எதையாச்சும் சீக்கிரம் போடுங்க, தறி சும்மா கிடக்குன்னாரு. நாத்தனா எப்படி மோப்பம் பிடிச்சாகளோ, அவுகளும் வந்து, கொக்கிதான் மாட்டவும் கழட்டவும் சுகம்னு அடிச்சுச் சொன்னாக. யாருக்குச் சுகம்னு நான் கேக்கல. எந்தக் கழுத்துக்கு அதை மாட்டப் போறாகளோ, அந்தக் கழுத்துக்காரியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

பித்தளை வேர்வைக்குக் களிம்பு பிடிச்சுக் கழுத்தைப் பச்சையாக்கிரும், வெள்ளியில திருகு மரை சீக்கிரம் தேஞ்சுரும், செம்பு கொஞ்சம் தூக்கலாக் கலந்த தங்கம்தான் நிக்கும்னு ஆசாரி சொன்னாரு. தங்கம்னதும் எல்லாருக்கும் வேலை ஞாபகம் வந்துருச்சு. நான் மாலையைப் பிரிச்சு ரெண்டு குண்டை எடுத்து அவரு முன்னால வச்சேன். திருகாணிதான், பாவுல மாட்டாதுன்னேன். நூலைச் சொன்ன பிறகு நாத்தனா எந்திரிச்சு அவுக வீட்டுக்குப் போயிட்டாக.

ஆசாரி வீட்டுல வந்து தங்க வேலை செஞ்சா, ஆள் ஒண்ணு எதுத்தாப்புல உக்காந்து கண் கொட்டாமப் பாக்கணும். பொடி காணாமப் போயிருமாம். தங்கம் என்னோடதுங்கிறதால என்னையே காவல் வச்சுட்டுப் போயிட்டாக. அத்தை பக்கத்துல படுத்துக் குறட்டை. அவரு ஊசி மாதிரி ஒரு ஆணியில மெல்லிசுக் கம்பியைச் சுத்திச் சுத்தி மரை பண்ணிக்கிட்டு இருந்தாரு. இந்தப் பக்கமாத்தான் சுத்தணுமான்னு கேட்டேன். எந்தப் பக்கமும் சுத்தலாம்மா, சனங்களுக்குப் பழகுனது இந்தப் பக்கம்னாரு. எனக்கு மாத்தி, எதிர்ப்பக்கமாச் சுத்திக் குடுங்கன்னேன். நிமிர்ந்து பார்த்தாரு, சுத்துன கம்பியைப் பிரிச்சாரு, மாத்திச் சுத்துனாரு. அவரு வீட்டுலயும் ஒரு நாத்தனா இருந்திருக்கணும், ஏன்னு கேக்கவே இல்லை.

மறுநாள் அடுப்பு முன்னால நான் உக்காந்திருக்கையில நாத்தனா பின்னால வந்தாக. ரெண்டு விரல் பத்தல, ரெண்டு கையும் வந்துச்சு. தொறக்குறோம்னு நினைச்சுத் திருகத் திருக அது இறுகுது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம அடுப்பை ஊதுற மாதிரி ஊதினேன். துருப் பிடிச்சிருக்குன்னாக. தங்கத்துல துருவான்னு அவுகளுக்கே தோணிருக்கும், விறுவிறுன்னு அத்தைகிட்டப் போயி, "ஒன் மருமக கழுத்துல பூட்டுப் போட்டிருக்கா"ன்னு சொல்லிட்டாக.

அவ்வளவுதான், வீடு கூடிருச்சு. மாமா மருமக கழுத்தைத் தொடக்கூடாதே, அதனால சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டே உத்தரவு போட்டாக. அத்தை ஈரத்துணியைச் சுத்தித் திருகுனாக. என் வீட்டுக்காரர் எம்மேல இல்லாத அக்கறையெல்லாம் காட்டிக் குறடு எடுத்துட்டு வந்தாரு. தறிக்காரக் கை, சும்மாவா. இன்னும் நல்லா இறுக்கிக் குடுத்துட்டுப் போனாரு. ராத்திரி நானே சரியான பக்கம் திருகிப் பார்த்தேன், அசையல. கழட்டவே முடியாத மாலையை என் கழுத்துல மாட்டிவிட்ட புண்ணியம் அந்தக் குடும்பத்துக்குத்தான்.

தை மாசம், பெட்ரோலுக்குப் பதிலாக் கரியில ஓடுற பஸ்ஸுல திருச்சுழிக்குப் போயி இறங்குனேன். முகமெல்லாம் கரி, பவழத்து மேலயும் கரி. அம்மா ஓடி வந்தா. கழுத்தைப் பார்த்தா, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தா. நல்லா இருக்கியான்னு கேக்கவே இல்லை. முந்தானையில எச்சிலைத் தொட்டு என் கன்னத்துக் கரியைத் தொடைச்சுவிட்டா. கல்யாணம் முடியுற வரைக்கும் அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்காக இன்னும் பத்துக் குண்டைக்கூட உருக்கக் குடுத்திருப்பேன். நாத்தனாவும் வந்திருந்தாக. என் மாலை இல்லாம அவுக சங்கிலியை மட்டும் போட்டு அன்னைக்குத்தான் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ஊர் திரும்புனதும் ஆசாரி வீட்டுக்கே போயி, சின்னக் குறடு ரெண்டை வச்சு இளக்கிக்கிட்டு வந்தேன். அவரும் வெளிய சொல்லல, நானும் சொல்லல. நாத்தனா அதுக்கப்புறம் அடுப்படிப் பக்கம் வாறதைக் குறைச்சுக்கிட்டாக.

பங்குனி வெயில்ல ஒரு நாள், வீட்டுல யாருமில்லாத நேரம், நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். அத்தை வந்து பக்கத்துல உக்காந்தாக. உரல் விளிம்புல வழிஞ்ச மாவை விரலால உள்ளே தள்ளிவிட்டாக. அப்புறம் மடியில இருந்து அவுக சொந்த ரெட்டைவடச் சங்கிலியை எடுத்தாக. நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அதை நாத்தனா கழுத்துலதான் பார்த்திருக்கேன், அது நாத்தனாவோடதுன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

"கோயிலுக்குப் போட்டுட்டுப் போகணும்னு அவகிட்டக் கேட்டு வாங்கியாந்தேன்"னாக. "உன்னுது மாதிரியே இதுக்கும் ஒண்ணு போடச் சொல்லு. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாவை அப்படியே கொட்டியிருப்பேன். தேஞ்சா போயிரும்னு என்கிட்டச் சொன்ன வாய் இது. ஆனா அந்த முகத்தைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரல. சரி அத்தைன்னேன்.

ஆசாரி போட்டுக் குடுத்தாரு, அதே மரை, அதே சுத்து. நாத்தனா வந்து அத்தை கழுத்துலயும் திருகிப் பார்த்துட்டு, ஆத்தாளையும் மருமகளையும் சேர்த்து வஞ்சுட்டுப் போனாக. ஆனா அது எந்தப் பக்கம் திறக்கும்னு அத்தைக்கும் நான் உடனே சொல்லிக் குடுக்கல. பங்குனியில இருந்து ஆடி வரைக்கும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும்னா, அத்தை என் முன்னால வந்து முதுகைக் காட்டி உக்காந்து, தலையைக் குனிஞ்சு, "கழட்டி விடும்மா"ன்னு கேட்டாக. நானும் அடுப்பு வேலையெல்லாம் முடிச்சுட்டு, கையை நல்லாத் தொடைச்சுட்டு, மெதுவாத்தான் வந்து கழட்டுவேன்.