மேனேஜர் வராத ஆட்டம்

ஈஸ்வரமூர்த்திக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் காயில் கட்டுகிற கடை, சொந்தமாக ஒரு வீடு, சொந்தமாக ஒரு தலைவலி. தலைவலியின் பெயர் சரவணம்பட்டி மார்னிங் ஸ்டார் கால்பந்துக் கழகம். மாவட்ட லீகில் இரண்டாவது டிவிஷன். அதற்கு அவர்தான் மேனேஜர். மேனேஜர் என்றதும் கோட்டு சூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர்க் கேனையும் பந்துப் பையையும் டிவிஎஸ் எக்செல்லில் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்து, எல்லாரும் போன பிறகு கிளம்புகிற ஆள். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு அதுதான்.

இந்த சீசனில் பையன்கள் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது? முதலிடத்தில் இருந்த அணியை மூன்று கோல் போட்டுச் சாய்த்தார்கள். அடுத்த வாரமே, கடைசியில் கிடந்த அணியிடம் நான்கு வாங்கிக்கொண்டு வந்தார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கோல்கீப்பர் ஐடி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து கோல் கம்பத்தில் சாய்ந்து கண்ணயர்வான். ஸ்ட்ரைக்கரோ, பாலக்காட்டுப் பக்கம் ஏழு பேர் ஆட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடுவான். காரணம் இப்படிக் கண்ணெதிரே நின்றது. பையன்கள் கண்டுபிடித்த காரணம் வேறு.

ஜெயித்த இரண்டு ஆட்டத்துக்கும் மேனேஜர் வரவில்லை. ஒன்றின்போது அவிநாசியில் மச்சினன் வீட்டுக் கல்யாணம், இன்னொன்றின்போது காய்ச்சல். அப்புறம் ஒரு நாள் கடை வேலை முடியாமல் பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்தார். அதுவரை இரண்டு கோல் முன்னால் இருந்தவர்கள், அவர் எக்செல்லை ஸ்டாண்டு போட்ட பிறகு மூன்று வாங்கித் தோற்றார்கள். போதாதா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கடைசி ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் இரண்டாவது டிவிஷனில் தங்கலாம். இல்லையென்றால் மூன்றாவதுக்கு இறங்க வேண்டியதுதான். அதற்கு இரண்டு நாள் முன்பு கேப்டன் ரிஃபத் கடைக்கு வந்தான். உக்கடத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். அதனால்தான் அவனைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை.

“ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கெழம உங்களுக்கு ஊட்ல ஏதாச்சும் வேல இருக்குங்களா?”

“எனக்கென்ன வேல? நேரமே வந்துருவேன்.”

“நான் இதெல்லாம் நம்பறதில்லீங்கண்ணா. பசங்கதான்... இந்த ஒரு மேட்ச்சுக்கு மட்டும் நீங்க வராம இருந்தீங்கன்னா...”

ஈஸ்வரமூர்த்தி செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கோபம் வந்திருந்தால் தேவலை. வந்தது அசதிதான்.

“செரி கண்ணு. தண்ணி கேனை மட்டும் வந்து எடுத்துட்டுப் போயிருங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அணியின் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது: எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. அவர் மனசு லேசாகத் துள்ளியது. அப்பாடா, நான் இல்லாவிட்டாலும் தோற்கத்தான் செய்கிறார்கள்! அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. பெற்ற பிள்ளை பெயிலாக வேண்டும் என்று நினைக்கிற தகப்பன் உண்டா?

“மருதமலையானே, பசங்க ஜெயிக்கட்டும்” என்று வாய்விட்டே சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

சாமிக்குக் காது கேட்டுவிட்டது. முதலில் சமன் ஆனது. ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோல். உடனே ரிஃபத் கூப்பிட்டான். பின்னால் ஒரே கூச்சல்.

“அண்ணா, ரெண்டுக்கு ஒண்ணுங்கண்ணா! தங்கிட்டோம்ங்க!”

“ரொம்ப சந்தோசம் கண்ணு. எல்லாத்துகிட்டயும் சொல்லீரு.”

யாரோ போனைப் பிடுங்கி, “அடுத்த சீசனுக்கும் வந்துராதீங்கண்ணா!” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

அவர் போனை வைத்ததும் மனைவி அன்புச்செல்வி வந்து முகத்தைப் பார்த்தாள்.

“ஜெயிச்சதுக்குப் போயி யாராச்சும் கண்ணக் கசக்குவாங்களா?”

“அடுத்த வருசமும் அவனுக ஜெயிக்கோணுமல்ல, அம்மணி” என்றார் ஈஸ்வரமூர்த்தி.