அரைக்கூறு

மகளின் கைபேசியில் ஒரு வட்டம் இருந்தது. வண்ண வண்ணத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நாடு. உலக மக்கள்தொகையில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் படம். விரலால் தள்ளினால் ஆண்டு நகரும். சில துண்டுகள் பருக்கும், சில மெலியும். ஜப்பானின் துண்டு என் கண் முன்னாலேயே மெலிந்து பாதிக்கும் கீழே போனது.

"ஐயையோ, அவியளுக்கு என்ன நோவு வந்துச்சு?" என்றேன்.

மகள் சிரித்தாள். "நோவெல்லாம் இல்லம்மா. ரொம்ப காலம் அவியளும் கூடத்தான் செஞ்சாவ. மத்தவிய அதவிட வேகமாக் கூடிட்டாவ. அதான் பங்கு சின்னதாப் போச்சு. நெசமாவே ஆளு குறைய ஆரம்பிச்சது இப்பத்தான். வயசானவியளப் பாக்க ஆள் இல்ல."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் படத்தையே காட்டினாள். செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, மதுரையில் ஜப்பான் மொழியும் படித்திருந்தாள். அந்த வகுப்பு மூலமாகவே ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துவிட்டது.

"நீ வேண்டாம்னா போகல," என்றாள்.

பிடிவாதம் பிடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். முடிவை என் கையில் கொடுத்துவிட்டதால் எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்றே போதும் என்று நாங்கள் பெற்ற ஒன்று இவள். வேண்டாம் என்றால் கோவில்பட்டியிலேயே ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடந்து தேய்வாள், காரணம் நானாக இருப்பேன். சரி என்றால் யாரோ ஒரு அம்மாவுக்கு அங்கே கஞ்சி ஊட்டுவாள். நான் இங்கே உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோறு போடும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் குழம்புச் சட்டியைப் பார்ப்பேன்.

அப்படியே சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. என் வீட்டுக்காரர் பிறந்த ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊருக்கு இருவரும் போனோம். கிடா வெட்டியதும் கோயில் முன்னால் தார்ப்பாயை விரித்துக் கறியைக் கூறு வைப்பார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு கூறு. திருப்பூரிலும் துபாயிலும் இருப்பவர்களுக்கும் உண்டு, அண்ணன் தம்பிகள் வாங்கிப் போவார்கள். புருஷன் இல்லாத வீட்டுக்கு அரைக்கூறு.

நான் மருமகளாக வந்த காலத்தில் இரண்டு கை கொள்ளாத கூறு, இப்போது ஒரு கைக்குள் அடங்கியது. கிடாக்கள் குறையவில்லை, தலைக்கட்டுகள் கூடிவிட்டன. மகளின் வட்டம் எனக்கு அந்தத் தார்ப்பாயில்தான் விளங்கியது.

கூறு வைத்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். என் அரைக்கூறைப் பையில் போட்டுக்கொண்டே பிரியமாகத்தான் சொன்னார்: "பிள்ள போயிட்டா நீ ஒத்த ஆளு தாயி. அடுத்த வருசம் ஒனக்குத் தனியாக் கூறு என்னத்துக்கு? நம்ம வீட்டுல வந்து சாப்புட்டுக்கோ."

பையை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

மகள் முன்னால் வந்தாள். "பெரியப்பா, துபாய்ல இருக்க அண்ணனுக்குக் கூறு வைக்கியள்லா? அதே மாதிரி எனக்கும் ஒண்ணு வைங்க."

"பொட்டப்பிள்ளைக்குக் கூறு வச்ச வழக்கம் ஏதுட்டி?"

"அது போய்ச் சேரதுக்குள்ள கருவாடாயிருமே அண்ணாச்சி," என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்துவிட்டு மகளைப் பார்த்தார். "இன்னும் போறதே முடிவாகல. அதுக்குள்ள கூறு கேக்கா. முதல்ல ஒங்கம்மா போகச் சொல்லட்டும்."

"போறா அத்தான்," என்றேன். "என் மக ஜப்பானுக்குப் போறா. அவ பேருல முழுக்கூறு வைங்க."

என் குரல்தான். கோயில் முன்னால், ஊர் முழுக்கக் கேட்க. சிரிப்பு நின்றது. பெரியப்பா கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்தார். பிறகு மற்ற கூறுகளிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தார்ப்பாயின் ஓரத்தில் புதிதாக ஒரு கூறு வைத்தார். மற்ற எல்லாக் கூறும் கொஞ்சம் சிறுத்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் கறிப்பை என் மடியில் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது.

"அம்மா, நெசமாத்தான் சொன்னியா? இல்ல, பெரியப்பாட்ட ஜெயிக்கணும்னு சொன்னியா?"

"சாமி முன்னால சொன்னத மாத்தவா முடியும்?" என்றேன். அவள் கேட்டது அது இல்லை என்று இருவருக்கும் தெரியும். கைபேசியை எடுத்து, சம்மதம் என்று மதுரை வகுப்புக்குச் செய்தி தட்டினாள். என் இரண்டு கைகளும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நேற்று விசா வந்துவிட்டது. பெரியப்பா போனில் கூப்பிட்டார். "சொன்ன சொல் சொன்னதுதான் தாயி. இனி வருசாவருசம் அவ பேருல கூறு உண்டு. வாங்கிட்டுப் போக நீ வந்துரணும்."

"வாரேன் அத்தான்," என்றேன். வேறு யார் போவது?