பெயர் போடாத படம்

யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நகச்சாயம் பூசினால் அந்த வாடைக்கு இன்றும் நான் எழுந்து தள்ளிப் போய்விடுவேன். ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் விழுந்த பிழையை மூட அப்பா வைத்திருந்த சிவப்பு மருந்தும் அதே வாடைதான் அடிக்கும்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. சங்கத்தின் துண்டறிக்கைகளை வீட்டில் உட்கார்ந்து கூர்முனைப் பேனாவால் ஸ்டென்சிலில் கீறி எழுதித் தருவார். அதை "ரோனியோ" மிஷினில் மாட்டிச் சுற்றினால், கீறிய இடத்தில் மட்டும் மை இறங்கிக் கட்டுக்கட்டாகத் தாள் விழும். ஒரு சங்கத் தேர்தலின்போது அறிக்கையில் கேலிப்படம் வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு எழுத்துதான் வரும், படம் வராது. எனக்குப் பன்னிரண்டு வயது; யாரிடமும் வாய் திறந்து பேசமாட்டேன், நோட்டின் பின்பக்கமெல்லாம் முகங்களாக வரைந்து வைத்திருப்பேன். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"எதிர் சங்கத்துல நிக்கறது நம்ம அருளப்பன்தான். பேர் போட்டா வம்பு. பாத்ததும் ஆள் தெரியணும். மூக்கை மட்டும் கொஞ்சம் பெருசா போடு."

அருளப்பன் மாமா எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனைவி ஜெபமாலை அத்தை இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடந்தார். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் மாமா லுங்கியை மடித்துக் கட்டி, துவைக்கிற கல்லின் முன் குந்தி, அத்தையின் சேலையையும் விரிப்பையும் அலசிப் பிழிவார். எனக்குத் தெரிந்த மாமா அவர்தான். எதையும் பெரிதாக்கத் தோன்றவில்லை; பார்த்தபடியே வரைந்தேன்.

அப்பா தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "அழிச்சிடட்டாப்பா?" என்று கேட்டேன். மருந்துப் புட்டி திறந்தபடி அவர் கையருகிலேயே இருந்தது. "வேணாம், வேணாம். சூப்பரா கீது" என்று சிரித்தார். "வீட்டில் சேலை துவைக்கிறவர் சங்கத்தில் என்ன கிழிப்பார்?" என்று படத்தின் கீழே எழுதினார்.

மறுநாள் தொழிற்சாலை வாசலில் அந்தத் தாள்தான் பேச்சு. சாயங்காலம் சைக்கிளில் வந்த மாமாவைத் தெருமுனையில் மறித்து, "இன்னா மாமே, நம்ம ஊட்டுலயும் ரெண்டு பொடவ கீது, கொண்டாரட்டா?" என்று ஒருவர் கத்த, கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேர்தலில் மாமா தோற்றார்.

பிறகு ஒருநாள் பின்சுவருக்கு மேலே அவர் முகம் தெரிந்தது.

"பாப்பா, நீதான வரைஞ்ச? உங்கப்பனுக்குக் கோடு கூட நேரா வராது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கை நல்லா வந்திருக்கு. பிழியறப்ப வெரலு அப்படித்தான் மடங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. அதை மறைத்து எழுத முடியவில்லை.

அதன்பின் அவர்கள் கொடியில் சேலை காயவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே துவைத்து உள்ளேயே உலர்த்தினார்கள். மழைக்காலம் முடியும் முன்பே அத்தை இறந்துபோனார். மாமா தன் மகள் ஸ்டெல்லாவோடு சேக்காட்டுக்கு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார். நோய் முற்றித்தான் அத்தை போனார் என்று எல்லோரையும்போல நானும் நம்பினேன்.

போன மாதம் குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் கைப்பேசியில் யாரோ ஒரு தலைவரின் முகத்தைக் கழுதையின் உடம்பில் ஒட்டிய படம் வந்திருந்தது. பார்த்துவிட்டு உடனே அணைத்தாள்.

"இதெல்லாம் பாத்தா எனக்குச் சிரிப்பே வராதுடி. அந்த நோட்டீசை யாரோ எங்கம்மாகிட்டயே காட்டிட்டாங்க. அப்புறம் அம்மா தண்ணியே குடிக்கல. குடிச்சா துணி நனையும், அப்பா துவைக்கணும்னு. நாங்க டம்ளரோட கெஞ்சுவோம். உதட்டை இறுக்கி மூடிக்குவாங்க."

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"யார் வரைஞ்சதுன்னு அப்பா சாவுற வரைக்கும் சொல்லல. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அவளுடைய பஸ் வந்துவிட்டது.

ரோனியோ மிஷின் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையை இடித்துவிட்டார்கள். சுவரும் இல்லை, கல்லும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். அவர்கள் கொடி வெறுமையான பிறகு நான் ஒரு முகமும் வரையவில்லை. இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப்போகிறேன்; ஸ்டெல்லா பத்திரிகை படிக்கிறவளா என்று அன்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.