வெட்டாத அரிவாளுக்கு என்ன விலை

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "இது வெட்டுமா?" வெட்டாது என்பேன். அடுத்தது விலை. சொன்னதும் முகம் மாறும். "நெச அருவாளே இதுல பாதி வெலைக்குக் கெடைக்குமேம்மா" என்பார்கள். கிடைக்கும்தான். கோவிலூரில் என் அண்ணன் பட்டறை இருக்கிறது, தாராளமாகப் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வழி சொல்லி அனுப்பிவிடுவேன். பேரம் பேச எனக்குப் பொறுமை கிடையாது.

நான் சினிமாவுக்குக் கத்தி செய்கிறவள். பிச்சுவா, வெட்டரிவாள், அடுப்படிக் கத்தி, எது கேட்டாலும் செய்வேன். எல்லாம் ரப்பர். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டே இருக்கும். அதில் பாதிப் படங்களில் யாராவது யாரையாவது வெட்டத் துரத்துவார்கள். அதனால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. செக்காலையில் வீட்டு மாடியில் என் வேலை, கீழே என் வீட்டுக்காரரின் ஃபிளெக்ஸ் போர்டு கடை.

முதலில் மரத்தில் ஒரு அரிவாளைச் செதுக்குவேன். அதை வைத்து சிலிகானில் அச்சு எடுத்து, அச்சில் ரப்பரை ஊற்றி, இறுகியதும் எடுத்து, வெள்ளிப் பவுடரும் பென்சில் கரியும் சேர்த்துத் தேய்த்தால் இரும்பின் நிறம் வந்துவிடும். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் சாமர்த்தியம் கனத்தில் இருக்கிறது. மற்றவர்கள் செய்கிற டம்மியைத் தூக்கினால் பனையோலை விசிறியைத் தூக்குவது போல இருக்கும். நடிகர் எவ்வளவு ஆவேசமாகக் கத்தினாலும், கனமில்லாததைத் தூக்கும் கையைக் கேமரா காட்டிக் கொடுத்துவிடும். நான் பிடிக்குள் இரும்பு வைத்து, நிஜ அரிவாள் என்ன எடையோ அதே எடைக்குக் கொண்டு வருவேன். அலகு மட்டும் பஞ்சு மாதிரி வளையும். தூக்குகிறவருக்குத் தோள் வலிக்க வேண்டும், வெட்டுப்படுகிறவருக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது. இது இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் வரும். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு அசலாக இருப்பதால் பாதுகாப்புக்கு ஓர் அடையாளமும் வைத்திருந்தேன். என் அரிவாள் ஒவ்வொன்றிலும் பிடியின் அடியில், கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு நெல்மணி அளவுக்குப் பள்ளம் இருக்கும். பார்த்தால் தெரியாது. தடவினால் தெரியும். அந்தப் பள்ளம் இருந்தால் அது என்னுடையது, ஆளைக் கொல்லாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது ஒரு ஃபைட்டரால் வந்தது. சண்டைக் காட்சிகளில் அடிபட்டு விழுகிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள். சென்னைக்காரர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். முதல் தடவை என் அரிவாளைப் பார்த்ததும் அவர் பக்கத்திலேயே வரவில்லை. சட்டைக் காலரை விலக்கி, கழுத்துக்குக் கீழே ஒரு நீளத் தழும்பைக் காட்டினார். வேறு எங்கோ, யாரோ தகரத்தில் செய்து கொடுத்த டம்மி கிழித்ததாம். "இதுவும் டம்மின்னுதான்க்கா சொன்னாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சேலை முந்தானையை ஒதுக்கி, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை என் அரிவாளை அழுத்தி இழுத்துக் காட்டினேன். ஒரு கோடுகூட விழவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், எழுந்து போய் ஷாட்டுக்கு நின்றார். அன்றிலிருந்து யார் எடுக்கும் படமானாலும், ஷாட்டுக்கு முன்னால் நான் போய் என் கையில் இழுத்துக் காட்டிவிட்டுத்தான் அரிவாளைக் கொடுப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் அண்ணனும் சிரிப்பார். எங்களுடையது கொல்லுப்பட்டறை வீடு. அண்ணன் அடிக்கும் அரிவாளுக்கு ஏழெட்டு ஊர்களிலிருந்து ஆள் வரும். அவருக்கு நான் 'டம்மி ஆசாரி'. "வாங்க டம்மி ஆசாரி, இன்னைக்கு எத்தன பேரக் காப்பாத்துனீக?" என்று உறவுக்காரர்கள் முன்னாலேயே கேலி பேசுவார். நானும் சிரித்து மழுப்பிவிடுவேன். உள்ளுக்குள் வலிக்கும். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் சுத்தியல், குறடு, உளி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். அந்த வரிசையில் என் சாமானுக்கு இடம் கிடையாது. "வேல செய்யிறதத்தான் வைக்கணும். ஒன்னோடது வேலயா செய்யுது?" என்பார் அண்ணன்.

போன வருடம் ஒரு படத்துக்கு வெட்டரிவாள் கேட்டார்கள். கிட்டக் காட்டும் காட்சிகளுக்கு அண்ணன் அடித்த நிஜ அரிவாள், சண்டைக்கு அதே போல நான் செய்யும் டம்மி. அண்ணனுடையதை மாடியில் வைத்து, சுத்தியல் விழுந்த தழும்பு வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டி ஒன்றை எடுத்தார். அது என்னுடையது.

அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை. "பூசைக்கு இதயும் கொண்டாத்தா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் கெட்டுப்போய் அவர் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கிட்டக் காட்டும் காட்சிகள் முடிந்து நிஜ அரிவாள் பட்டறைக்குத் திரும்பிவிட்டது. டம்மியை நான் சாயம் உரிந்த இடங்களைச் சரிசெய்ய வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். விஜயதசமி காலையில் சண்டைக் காட்சி. எனக்குத் தழும்பைக் காட்டிய அதே ஃபைட்டரின் கழுத்தில் கதாநாயகர் ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவார், அவ்வளவுதான். பூஜையன்று சாயங்காலம் என் அரிவாளைக் கொண்டு போய் அண்ணன் அரிவாளுக்குப் பக்கத்தில் இலையில் வைத்தேன். மதினி இரண்டுக்கும் அலகில் திருநீற்றுப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, பிடி முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். என் பிழைப்பில் அவ்வளவு நிறைந்த நாள் வேறில்லை.

விடிந்ததும் பட்டறையில் முதல் நெருப்பு மூட்டுவது வழக்கம். "இந்த வருசம் நீ பத்த வையாத்தா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து அரிவாளை வாங்கிக்கொண்டு போகப் படக் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. படப்பிடிப்பு காளையார்கோவில் பக்கம் ஒரு பெரிய வீட்டில். நானும் வேனில் போயிருக்க வேண்டும். ஆனால் நெருப்பை விட்டுப் போக மனசில்லை. கையில் இழுத்துக் காட்டுவது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது, ஒருநாள் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன்.

இலைக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்றின் பிடியைக் கட்டைவிரலால் தடவினேன். பள்ளம் இல்லை. மற்றதையும் தடவினேன். அதிலும் இல்லை. சந்தனம் காய்ந்து இரண்டையும் ஒன்றுபோல் மூடியிருந்தது. பூஜையில் இருந்த பொருள், இப்போதே சுரண்டினால் மதினி மனசு சங்கடப்படும். அலகைத் தொட்டால் பொட்டு அழியும். தூக்கிப் பார்க்கலாமென்றால் எடையும் ஒன்றுதான், நானே பார்த்துப் பார்த்து வைத்த எடை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் லட்சணமாக இருந்தது. லட்சணமாக இருப்பது என்னுடையதாகத்தானே இருக்கும்? பொட்டு அழியாமல் அதைப் பிடியோடு தூக்கி, புதுத் துண்டில் தளரச் சுற்றி டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். இப்போது எழுதும்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நெருப்பு மூட்டினோம். கும்பிட்டோம். அதன் பிறகு அண்ணன் தன் அரிவாளை எடுத்து வாசலில் கட்டியிருக்கும் வாழைமரத்தை ஒரே வெட்டில் சாய்ப்பார். அதுதான் அரிவாளுக்கு அந்த வருடத்தின் முதல் வேலை. ஓங்கி வெட்டினார். அரிவாள் வாழையில் பட்டு, வளைந்து, ஆடிக்கொண்டே நிமிர்ந்தது. மதினி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"அண்ணே, ஒங்க அருவா அங்குட்டுப் போயிருச்சுண்ணே!"

மேனேஜருக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. அந்தப் பெரிய வீட்டுப் பக்கம் சிக்னலே கிடையாது. அண்ணன் கேள்வி கேட்காமல் பைக்கைக் கிளப்பினார். பின்னால் உட்கார்ந்து மடியில் டம்மி அரிவாளைப் பிடித்துக்கொண்டேன். மறைக்கத் தோன்றவில்லை. பொட்டு வைத்த அரிவாளோடு ஒரு பொம்பளை பைக்கில் பறந்தால் யார் சும்மா விடுவார்கள்? பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்தார்.

"என்னம்மா, பட்டப்பகல்ல அருவாளத் தூக்கிக்கிட்டு எங்குட்டுப் போறீக?"

நான் அலகை இரண்டாக மடக்கிக் காட்டினேன். அவர் பேந்தப் பேந்த விழிக்க, அண்ணன் கியரை மாற்றினார். போகிற வழியெல்லாம் எனக்கு அந்தத் தழும்புதான் கண்ணில் நின்றது. அதற்கு இரண்டு விரற்கடை மேலே கழுத்து. அண்ணனின் அரிவாள் எப்படி வெட்டும் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவள் நான்.

பெரிய வீட்டு முற்றத்துக்குள் ஓடியபோது அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஷாட் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். ஃபைட்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியில் அந்தத் துண்டு, நான் சுற்றியது சுற்றியபடியே இருந்தது. மேனேஜர் என்னைக் கண்டதும் பாய்ந்து வந்தார்.

"ஒன்றர மணி நேரமாம்மா! டைரக்டர் கத்துறாரு, ஹீரோ கத்துறாரு. இந்த ஆளு நிக்க மாட்டேங்கிறாரு."

ஃபைட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "கோச்சுக்காதீங்க சார். அக்கா வந்து கையில இழுத்துக் காட்டணும். அதுக்கப்புறம் எத்தனை டேக் வேணா நிக்கிறேன்."

யாருக்கும் எதுவும் தெரியாது. கையிலிருந்ததை இழுத்துக் காட்டிவிட்டு, துண்டை அப்படியே அண்ணனிடம் தள்ளிவிட்டிருந்தால், என் பெயருக்கு ஒரு பழுதும் வந்திருக்காது. அந்த நினைப்பு எனக்கு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்காக ஒன்றரை மணி நேரம் ஏச்சு வாங்கிய மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை. மூலையில் ஆட்களுக்காக இளநீர் குலை வைத்திருந்தார்கள். துண்டைப் பிரித்து அரிவாளை அண்ணன் கையில் கொடுத்து, "ஒரு காய வெட்டுங்கண்ணே" என்றேன். அண்ணன் இளநீரை உள்ளங்கையில் ஏந்தி ஒரே வீச்சு. தலை தனியாகத் தரையில் உருண்டது.

கதாநாயகர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மேனேஜர் உட்கார இடம் தேடினார். யாராவது கூர் பார்த்திருப்பார்கள், இவ்வளவு தூரம் போயிருக்காது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாம்.

"தப்பு என்னோடது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிறகு முந்தானையை ஒதுக்கி, என் அரிவாளை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்தேன். எப்போதையும்விட அழுத்தி இழுத்தேன். ஃபைட்டர் அருகில் வந்து என் கையைப் பார்த்தார். வெட்டின இளநீரை அண்ணனிடமிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு போய் நின்றார். கதாநாயகர் ஓங்கி வெட்டினார். ஒரே டேக்கில் ஓகே.

திரும்பிக் கோவிலூர் வந்ததும் அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு, "ஒன் சாமான் என்ன வேல செய்யுதுன்னு இத்தன வருசமாக் கேட்டேன்ல" என்றார். பட்டறைக்குள் போய்விட்டார்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு என் அரிவாளுக்குத் தனி இலை போட்டிருந்தார்கள். எல்லா இலைக்கும் முதலாவதாக. மதினி சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தபோது அண்ணன் தடுத்தார்.

"பொறு, இன்னும் காட்டல."

நான் வழக்கம்போல முந்தானையை ஒதுக்கினேன். அதற்குள் அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்து, நெருப்புப் பொறி பட்டுப் பட்டுக் கறுத்த தன் கையை முழங்கை வரை நீட்டினார்.

"இங்க இழு, ஆத்தா" என்றார்.