கண்ணாடி வெளுத்திருந்த வேன்

இன்று விடியற்காலை சித்தூரில் என் நாய்கள் இரண்டையும் இழந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

நாய்களுக்கு இடமில்லை என்று லாட்ஜில் சொல்லிவிட்டதால், கருப்பியும் ஜானியும் ராத்திரி என் வேனிலேயே படுத்தன. குளிருமே என்று எல்லாக் கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றிப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.

ஆறு மணிக்கு வந்து பார்த்தால், அத்தனை கண்ணாடிகளும் உள்பக்கம் வெள்ளையாகப் பனித்துக் கிடந்தன. உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

"கருப்பி!" என்று தட்டினேன். சத்தமில்லை. என் காலடி கேட்டாலே குரைப்பவள் அவள். அவசரத்தில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

பக்கத்தில் பால் வண்டியை நிறுத்தியிருந்த டிரைவர் ஓடி வந்து, சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

ஈர வாடை முகத்தில் அடித்தது. இரண்டும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. ஜானி மெல்ல வாலை அசைத்தான். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இன்னாம்மா நீ, நாலு பக்கமும் மூடிக்கினா அதுங்க வுடுற மூச்சு எங்க போவும்? அதான் தண்ணியா கண்ணாடில நிக்குது. ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் எறக்கி வுடு. காத்து ஓடினா கண்ணாடியும் பனிக்காது" என்றார் டிரைவர்.

நாய்களுக்கு விரித்திருந்த ஈரப் போர்வைகளை எடுத்து வெயிலில் உலர்த்தினேன்.

இன்னும் ஓர் இரவு இங்கே தங்க வேண்டும். எனக்கு இனி லாட்ஜில் தூக்கம் வராது, நானும் வேனில்தான் படுக்கப் போகிறேன். என் மூச்சுக்கும் சேர்த்து எத்தனை விரல் இறக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.